தனித்து நிற்பவள் என்பதற்கு ஐந்து சாட்சிகள்

சுயாதீன இசை வாரியம் நான்காம் மாடியில் இருந்தது. அந்தக் கட்டடத்து லிஃப்டை மாதம் ஒருமுறை பழுது பார்ப்பவள்தான் நம் கதைக்காரி. ஆனாலும் அன்றைக்கு அவள் படியேறித்தான் போனாள். விண்ணப்பம் கொண்டுவரும் கலைஞர்கள் லிஃப்டைச் சார்ந்திருக்கக் கூடாது, அதுவே முதல் தேர்வு என்று கீழே பலகை மாட்டியிருந்தார்கள். போன வாரம் அந்தப் பலகைக்கு ஆணி அடித்துக் கொடுத்தவளும் அவள்தான்.

மேலே செயலர் உட்கார்ந்திருந்தார். அந்த வாரியத்தில் வேலை பார்ப்பவர் அவர் ஒருவரே. மற்றவர்களெல்லாம் உறுப்பினர்கள், ஆய்வாளர்கள்.

"என்னம்மா, லிஃப்ட் ரிப்பேரா?"

"இல்லைங்க சார். ஆல்பம் போடணும். எட்டுப் பாட்டு. நானே எழுதி, நானே மெட்டுப் போட்டு, நானே பாடறது. பின்னாடி கம்பெனி கிம்பெனி ஒண்ணும் கிடையாது."

"அப்ப நீங்க சுயாதீனக் கலைஞர்."

"அப்படித்தாங்க நெனைக்கிறேன்."

"நீங்களா நெனைச்சுக்க முடியாது. வாரியம் நெனைக்கணும்."

இருபத்திரண்டு பக்க விண்ணப்பம் ஒன்றை அவர் எடுத்துத் தூசி தட்டினார். வாரியத்தின் முத்திரை இல்லாத பாட்டை எந்தக் கடையிலும் வைக்க மாட்டார்கள், எந்த ரேடியோவிலும் போட மாட்டார்கள். மீறி நாலு பேர் முன்னால் பாடினால் அது பாட்டாகாது, சத்தம் என்ற பிரிவில் வந்துவிடும். அதனால் அவள் பேனாவைத் திறந்து வரிசையாக நிரப்பிக்கொண்டே வந்தாள். பத்தொன்பதாம் பக்கத்தில் நின்றுபோனாள்.

"சார், நான் யாரையும் சார்ந்து இல்லைங்கிறதுக்கு அஞ்சு பேர் கையெழுத்துப் போடணும்னு இருக்கு."

"ஆமா. அதுல ரெண்டு பேராவது அதிகாரியா இருக்கணும்."

"தனியா நிக்கிறவளுக்கு அஞ்சு பேர் எதுக்குங்க?"

செயலர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னார்: "நீங்க தனியா நிக்கிறதை யாருமே பாக்கலேன்னா, அதை நாங்க எப்படிம்மா நம்பறது?"

யோசித்துப் பார்த்தால் நியாயமாகத்தான் இருந்தது. அந்த அலுவலகத்தில் எதையும் நின்று யோசித்தால் நியாயமாகத்தான் இருக்கும். படியிறங்கித் தெருவுக்கு வந்த பிறகுதான் தலை சுற்றும்.

கிளம்பும்போது செயலர் ஏழாம் விதியை வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். வாரியம் வெளியிடும்வரை பாட்டைக் கலைஞரின் உறவினர் எவரும் கேட்கக் கூடாது. கேட்டால் முகம் சுளிப்பார்கள், இல்லாவிட்டால் நன்றாக இருக்கிறது என்பார்கள். இரண்டுமே குடும்பத் தலையீடு.

கையெழுத்துப் போடுமுன் அவள் அந்த விதியை மட்டும் இரண்டு தடவை படித்தாள். ஏனென்றால் அந்த எட்டுப் பாட்டும் ஒரே ஒரு உறவினருக்காகச் செய்தவை.

அவள் வீட்டுக்காரர் தகரத்தில் டப்பா மூடி அடிக்கும் பிரெஸ்ஸில் இருபத்தாறு வருஷம் நின்றவர். மெஷின் ஒவ்வொரு அடிக்கும் ஒரு மூடியைக் கொடுத்துவிட்டு, பதிலுக்கு அவர் காதிலிருந்து துளித் துளியாக எடுத்துக்கொண்டது. இடது காது போன வருஷமே முழுசாகப் போய்விட்டது. வலது காதைப் பார்த்த டாக்டர், "இந்த வருஷக் கடைசி வரைக்கும் ஓடும். அதுவும் சுத்தமான அமைதியில, காதுக்குப் பக்கத்துல வாயை வெச்சுப் பேசினா" என்று சொல்லி அனுப்பினார்.

அவர்கள் குடியிருந்ததோ பஸ் பாடி கட்டும் பட்டறைக்கு மேல் மாடி. அங்கே அமைதி என்ற பேச்சுக்கே இடமில்லை.

அவள் வீட்டில் பாடியதும் கிடையாது. லிஃப்ட் கூண்டின் தலைமேல் உட்கார்ந்து கம்பிவடத்துக்கு மசகு போடும்போதுதான் பாடுவாள். அந்த நீளமான இருட்டுக்குள் குரல் மேலே போய், ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு இறங்கி வரும். ஒருமுறை உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் கதவு திறந்த பிறகும், "அந்தப் பாட்டு முடியட்டும்" என்று வெளியே வராமல் நின்றார்கள். அதை யாரோ போய்ப் பிரெஸ்ஸில் சொல்ல, இவர் அன்றைக்கு வீட்டுக்கு வந்து, "ஊரே கேட்டிருக்கு. எனக்கு ஒண்ணு பாடிக் காட்டக் கூடாதா?" என்றார். மனிதர் இருபது வருஷத்தில் வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றுதான். நல்லதாக எட்டுப் பண்ணி, ஒழுங்காகப் பதிவு செய்து கொடுக்கலாம் என்று அவள் நினைத்ததில்தான் இத்தனையும் வந்தது.

அன்று சாயங்காலம் அவள் அவருடைய வலது காதுக்குள் கத்தினாள்: "விதியாவது மண்ணாவது! இப்பவே பாடிடறேங்க. யாருக்குத் தெரியப் போகுது?"

"கையெழுத்துப் போட்டியா இல்லையா?"

"போட்டேன். கூறுகெட்ட விதிங்க அது!"

"கூறு இருக்கோ இல்லையோ. கை வைக்காதேன்னு மெஷின்ல எழுதியிருந்தா நான் ஏன்னு கேட்டதே இல்ல. இந்தா பாரு, பத்து வெரலு." அவர் விரித்துக் காட்டினார். "என்கூட வேலைக்குச் சேந்தவனுங்கல்லாம் ஏன்னு கேட்டானுங்க. இப்ப எட்டு, ஏழுன்னு இருக்கானுங்க. ரிலீஸ் ஆகட்டும். கேக்கறேன்."

அவரிடம் அதற்கு மேல் பேச முடியாது. பேசினாலும் பாதி கேட்காது.

பதிவு மெத்தைக் கடைக்குப் பின்னால் ஓர் அறையில் நடந்தது. நாலு சுவரிலும் விற்காத மெத்தைகளைச் சாய்த்துவைத்திருந்த ஒலிப்பதிவாளருக்கு உஷ் அண்ணன் என்று பேர். வணக்கம் என்றாலும் உஷ், தண்ணீர் வேண்டுமா என்றாலும் உஷ். அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் எல்லாரையும் மூச்சடக்கச் சொல்லிவிட்டு, வெறும் அறையை ஒரு நிமிஷம் பதிவு செய்வார்.

"எதுக்குண்ணே?"

"பாட்டு நடுவுல ஒரு இருமலை வெட்டி எடுத்தேன்னு வெச்சுக்க. அந்த ஓட்டையை எதை வெச்சு அடைக்கிறது? சும்மா விட்டா பள்ளத்துல விழுந்த மாதிரி கேக்கும். அதே அறையோட அமைதியை வெட்டித்தான் ஒட்டுப் போடணும். ஒட்டுத்துணி மாதிரி."

இப்படி எட்டுப் பாட்டுக்கும் எட்டு ஒட்டுத்துணி. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் நாளே வாரியத்திலிருந்து தனிமை ஆய்வாளர் மடக்கு நாற்காலியோடு வந்துவிட்டார். கலைஞர் வேறு யார் உதவியும் இல்லாமல் பாடுகிறாரா என்று பார்ப்பது அவர் வேலை. உஷ் அண்ணன் ஹெட்போனில் "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்றதும் அவர் கையைத் தூக்கினார்.

"யாரு எண்ணினது?"

"நான்தான். பாட்டு எங்க ஆரம்பிக்கணும்னு..."

"எண்ணிக்கை வெளி உதவி. அந்தம்மா தானா ஆரம்பிக்கணும்."

அவள் தானாக ஆரம்பித்தாள். பழைய லிஃப்டிலிருந்து கழற்றிய ரிலே சுவிட்சை விரலால் தட்டித் தாளம் வைத்துக்கொண்டு இரண்டு பாட்டுப் பாடி முடித்தாள். ஆய்வாளர் அறிக்கை எழுத உட்கார்ந்தார். பதிவறையில் கலைஞர் தனியாக இருந்தார் என்று எழுதினார். எழுதிவிட்டு நிமிர்ந்து சுற்றும் முற்றும் பார்த்தார். அவர் முகம் வெளுத்துப்போனது.

"நான் இருக்கேனே."

அவர் நேர்மையான மனிதர். தாம் இருந்தும் உதவவில்லை என்பதற்கு மறுநாள் இன்னொரு ஆய்வாளரை அழைத்துவந்தார். அந்த இரண்டாமவரைக் கவனிக்க மூன்றாமவர் வந்தார். மூன்றாமவர் நாலாம் பாட்டின்போது காலால் தாளம் போட்டதாக இரண்டாமவர் புகார் எழுதினார். கால் விசாரணை என்று ஒன்று நடந்தது. காலுக்குரியவர் தாம் ரசிக்கவில்லை என்றும் கால் மரத்துப்போனதால் உதறியதாகவும் வாக்குமூலம் கொடுத்தார். அது உண்மையா என்று தெரிந்துகொள்ள அதே பாட்டை அவள் பதினோரு முறை பாட வேண்டியிருந்தது. பதினோரு முறையும் அந்தக் கால் மரத்துப்போனது.

விசாரணையில் ஐந்து வாரம் போயிற்று. அந்த ஐந்து வாரத்தில் அவள் வீட்டுக்காரருக்கு அழைப்புமணி கேட்பது நின்றது. அப்புறம் குக்கர் விசில். அதற்கு அப்புறம் பட்டறைச் சுத்தியல்.

"கீழ பட்டறை லீவா? சத்தத்தையே காணோம்" என்று அவர் சத்தம் போட்டுக் கேட்ட அன்று, கீழே ஏழு பேர் தகரம் அடித்துக்கொண்டிருந்தார்கள். அவள், "ஆமாங்க, லீவு" என்று தலையாட்டிவிட்டு அடுக்களைக்குள் போய் நின்றுகொண்டாள்.

எட்டாவது பாட்டுப் பதிவானபோது அறையில் ஆறு ஆய்வாளர்கள் இருந்தார்கள். மெத்தைக்கும் மைக்குக்கும் நடுவில் அவள் ஒருக்களித்து நின்றுதான் பாடினாள். முடிந்ததும் ஆறு பேரும் வரிசையாகக் கையெழுத்திட்டார்கள்: பதிவின்போது கலைஞரைத் தவிர அறையில் எவரும் இல்லை என்பதை நாங்கள் ஆறு பேரும் நேரில் இருந்து உறுதி செய்கிறோம்.

ஐந்து சாட்சிகளைத் தேடிக்கொண்டிருந்தவளுக்கு ஆறாகக் கிடைத்தார்கள் என்பது ஒன்றுதான் லாபம்.

அடுத்தது கேட்புக்குழு. வாரியத்தின் தலைவருக்கு இசை தெரியாது. தெரிந்தவர் தலைவரானால் பாரபட்சம் வந்துவிடும் என்று சட்டத்திலேயே எழுதியிருந்தது. அவருக்கு வலப்பக்கம் கவிஞர் உறுப்பினர், இடப்பக்கம் செயலர். எதிரே நம் கதைக்காரி, கைகளை மடியில் வைத்துக்கொண்டு. உஷ் அண்ணன் கொடுத்த பதினாறு கோப்புகள் வரிசையாக இருந்தன. முதலில் ஒரு அறை, அடுத்து ஒரு பாட்டு, அப்புறம் ஒரு அறை, அப்புறம் ஒரு பாட்டு. ஒட்டுத்துணிகளைத் தனியாக எடுத்துவைக்க அந்த மனிதர் மறந்துவிட்டார். செயலர் முதல் கோப்பைத் தட்டினார்.

ஒரு நிமிஷம் ஒன்றுமே கேட்கவில்லை.

அவள் எழுந்து, "சார், அது வந்து..." என்றாள். தலைவர் கண்ணை மூடியபடியே கை காட்டி அவளை உட்காரவைத்தார்.

முடிந்ததும் கவிஞர் உறுப்பினர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நாப்பது வருஷமா நான் எழுதறேன். ஒரு சொல்லுகூட அதிகமில்லாத பாட்டை இப்பத்தான் கேக்கறேன்."

"சுருதி?" என்று தலைவர் செயலரைக் கேட்டார்.

"எங்கயும் விலகல ஐயா."

"யாரோட பாதிப்பாவது?"

"தேடிப் பாத்துட்டேன். ஒருத்தர் சாயலும் இல்ல."

அடுத்த கோப்பு ஓடியது. அது அவளுடைய முதல் பாட்டு. நாலு வரி போவதற்குள் தலைவர் திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தார்.

"யாரோ பாடறாங்களே. யாரு அந்தம்மா?"

"நான்தாங்க ஐயா."

"உங்க ஆல்பத்துல நீங்களே இப்படிக் குறுக்க வந்தா எப்படிம்மா?"

"அதுதாங்க பாட்டு. முன்னாடி போனது வெறும் அறைங்க. இருமல் வந்தா ஒட்டுப் போட எடுத்தது."

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். "அடக்கம்" என்றார் கவிஞர். "பெரிய கலைஞர்களுக்குத் தங்களோட நல்ல படைப்பு எதுன்னே தெரியாது. அதுக்குத்தான் வாரியம் இருக்கு."

பதினாறையும் கேட்டுவிட்டு உள்ளே போய்ப் பேசி, இரண்டு தீர்மானங்களோடு வந்தார்கள். அறைகள் எட்டும் ஒருமனதாகத் தேர்வு. பாட்டுகள் எட்டும் நிராகரிப்பு. காரணத்தைச் செயலர் வாசித்தார்: "எட்டுப் பாட்டுலயும் 'நீ, நீ'ன்னு யாரையோ கூப்பிட்டுக்கிட்டே இருக்கீங்க. மொத்தம் அறுபத்தி மூணு 'நீ'. ஒருத்தரைப் பாத்துப் பாடறவங்க அவரைச் சார்ந்து இருக்காங்கன்னு அர்த்தம். சுயாதீனம் அங்கேயே போச்சு."

"மேல்முறையீடு செய்யலாமா சார்?"

"தாராளமா. ஒண்ணரை வருஷம் ஆகும்."

வருஷக் கடைசிக்கு ஏழு வாரம்தான் இருந்தது. லிஃப்ட் நின்றுபோனால் மெக்கானிக் முதலில் பார்ப்பது எது ஓடவில்லை என்பதை அல்ல, எது இன்னும் ஓடுகிறது என்பதை. அப்படித்தான் அவளும் பார்த்தாள்.

"சார், ஏழாம் விதி. வெளியிடற வரைக்கும் உறவுக்காரங்க கேக்கக் கூடாதுன்னுதானே இருக்கு? ஆல்பம் வெளிய வந்துட்டா?"

செயலர் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார். "வந்த பிறகுன்னு ஒண்ணும் எழுதல. இதுவரைக்கும் எந்த ஆல்பமும் வந்ததில்லையே."

"அப்ப அந்த எட்டு அறையையே வெளியிட்டுருங்க" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாள்.

ஆல்பம் என்றால் நாற்பது நிமிஷமாவது இருக்க வேண்டும் என்பது விதி. அதனால் உஷ் அண்ணன் ஒவ்வொரு ஒட்டுத்துணியையும் ஐந்து ஐந்தாக ஒட்டிக் கொடுத்தார். தொழிலில் முதல்முறையாக ஒட்டுக்கு ஒட்டுப் போடுகிறேன் என்று அவர் வாய்விட்டு வருத்தப்பட்டதாகக் கேள்வி.

வெளியீட்டு விழா வருஷத்தின் கடைசி வாரத்தில், ஒரு பெரிய அரங்கத்தில், பகல் பதினோரு மணிக்கு நடந்தது. மேடையில் கலைஞருக்கு நாற்காலி கிடையாது. மேடையேறினால் மேடையைச் சார்ந்தவராகிவிடுவார். வீட்டுக்காரரோடு அவள் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். அவர் வெளுத்த சட்டை போட்டு, தலையைப் படிய வாரிக்கொண்டு வந்திருந்தார்.

தலைவர் எழுந்து மைக்கைப் பிடித்தார்.

"பதினாலு வருஷமா இந்த வாரியம் சுயாதீனக் கலைஞர்களைக் காப்பாத்திக்கிட்டு வருது. யார்கிட்டேருந்துன்னு நீங்க கேக்கலாம். உங்ககிட்டேருந்துதான்! ரசிகனுக்குப் பிடிக்கணுமேன்னு ஒரு கலைஞன் நெனைச்சுட்டா அவன் சுதந்திரம் அன்னிக்கே போச்சு. அதனாலதான் இத்தனை வருஷத்துல ஒரு ஆல்பத்தைக்கூட நாங்க உங்க காதுல விழ விட்டதில்ல."

பலத்த கைதட்டல்.

"சில பேர் கேக்கறாங்க, பாட்டே வராம வாரியம் எதுக்குன்னு. பாட்டு வந்துக்கிட்டே இருந்தா நாங்க எப்பய்யா கூட்டம் போடறது? இந்த அம்மாவைப் பாருங்க. எழுந்திரிக்க வேண்டாம்மா. சார்பை ஒவ்வொண்ணா விட்டாங்க. துணை வாத்தியம் இல்ல. மெட்டு இல்ல. வார்த்தை இல்ல. கடைசியில தன் குரலையே விட்டாங்க. இன்னும் ஒரு படி மேல போயி இவங்களும் இல்லாம இருந்திருந்தா முழுமையா இருந்திருக்கும். இருக்கட்டும். முதல் முயற்சி."

இப்படி ஒன்றேமுக்கால் மணி நேரம் பேசினார். வீட்டுக்காரர் அவர் வாயசைவதையே பார்த்துக்கொண்டு மரியாதையாக உட்கார்ந்திருந்தார். அந்த அரங்கத்தில் அந்தப் பேச்சால் எந்தத் துன்பமும் அடையாதவர் அவர் ஒருவர்தான்.

கடைசியில் தலைவர் ஒரு சிவப்பு நாடாவை வெட்டி, "ஆல்பம் வெளியிடப்பட்டது" என்றார். செயலர் விசையை அழுத்தினார்.

அந்த நாற்பது நிமிஷத்துக்கு வாரியம் செய்திருந்த ஏற்பாட்டைச் சொல்லியாக வேண்டும். ஏசியை நிறுத்திவிட்டார்கள். சுவர்க் கடிகாரத்தின் பேட்டரியைக் கழற்றிவிட்டார்கள். வெளியே இரண்டு தெருவுக்கு வண்டிகளைத் திருப்பிவிட்டார்கள். இருமல் உள்ளவர்களை வாசலிலேயே தனியாகப் பிரித்து உட்காரவைத்தார்கள். முன்வரிசையில் ஒரு பெரியவருக்கு விக்கல் வந்தது. இரண்டு காவலர்கள் அவரை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போனார்கள். அறுநூறு பேர் கண்ணை மூடி, மூச்சை அடக்கிக்கொண்டு, மெத்தைக் கடைக்குப் பின்னால் இருந்த ஓர் அறை ஒன்றும் பேசாமல் இருந்ததைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

வீட்டுக்காரர் திடீரென்று தன் சட்டைப்பையைப் பார்த்தார். அதில் இருந்த அழைப்பிதழ் அவர் மூச்சு விடும்போதெல்லாம் துணியில் உரசிக்கொண்டிருந்தது. டாக்டர் சொன்ன அந்தச் சுத்தமான அமைதியில் அந்த உரசல் அவருக்குக் கேட்டது. அவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். வெட்டப்பட்ட நாடாவைக் கையால் காட்டி, ஆயிற்றா என்பதுபோலப் புருவத்தை உயர்த்தினார்.

ஆயிற்று என்று அவள் தலையசைத்தாள்.

அவர் நாற்காலியில் சரிந்து, வலது காதை அவள் பக்கம் கொடுத்தார்.

அவள் அந்தக் காதை இரண்டு கையாலும் கூடு கட்டி மூடி, வாயை உள்ளே வைத்து, மூச்சளவு குரலில் முதல் பாட்டைத் தொடங்கினாள். 'நீ' என்றுதான் அது ஆரம்பிக்கும். அடுத்த நாற்காலியில் இருந்தவருக்குக்கூடக் கேட்டிருக்காது. வீட்டுக்காரர் அசையவே இல்லை. முதல் பாட்டு முடிந்தது. இரண்டாவது முடிந்தது. அதில் ஓரிடத்தில் அவர் கன்னம் அவள் உள்ளங்கைக்குள் நடுங்கிற்று. அழுகையா சிரிப்பா என்று பார்க்க அவள் நிறுத்தவில்லை. நிறுத்தினால் நேரம் போய்விடும். எட்டும் உள்ளே போயாக வேண்டும் என்ற அவசரத்தில் மூன்றாவதை ஓட்டமாகப் பாடி முடித்தாள்.

காது கேட்காதவர்களுக்குத் தங்கள் குரலின் அளவு தெரியாது. பிரெஸ்ஸில் மெஷினுக்கு மேல் பேசிப் பழகிய குரல் வேறு. அந்த மகா மௌனத்தின் நடுவே அவர் நிமிர்ந்து உட்கார்ந்து, அறுநூறு பேருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"மூணாவது பாட்டு ரொம்ப வேகம்மா!"

அரங்கமே திரும்பிப் பார்த்தது. காவலர்கள் இரண்டு பேர் அவரை நோக்கி நடந்தார்கள். அவள் அவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

மேடையில் தலைவர் கண்ணைத் திறந்தார். செயலரின் கருவியை எட்டி, ஓடிக்கொண்டிருப்பது எத்தனையாவது என்று பார்த்தார். மூன்றாவது அறை அப்போதுதான் முடிந்து நாலாவது ஆரம்பித்திருந்தது. அவர் சற்று யோசித்தார். பிறகு காவலர்களை நிற்கச் சொல்லிக் கை காட்டிவிட்டு, கவிஞர் உறுப்பினரின் பக்கம் சாய்ந்தார்.

"எனக்கும் அப்படித்தான் பட்டுது" என்றார்.

கவிஞர் ஆமோதித்தார். செயலர் குறித்துக்கொண்டார். அறுநூறு பேரும் தங்களுக்கும் அப்படித்தான் பட்டது என்று ஒருவருக்கொருவர் தலையசைத்துவிட்டு, மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்கள்.

அவள் அந்தக் காதை மறுபடி கைகளுக்குள் வாங்கிக்கொண்டு, நாலாவது பாட்டை நிதானமாக ஆரம்பித்தாள்.